முன்னால் நடந்தவர் என் அப்பா

சனிக்கிழமை மாலைகளில் என் அப்பாவின் கைகளில் "றங்கூன் எண்ணெய்" மணக்கும். துப்பாக்கி இரும்பு துருப்பிடிக்காமலிருக்கப் பூசும் அந்த எண்ணெயின் நெடி, மண்ணெண்ணெயும் வலித்தைலமும் கலந்ததுபோல இருக்கும்; சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் தேய்த்துக் கழுவினாலும் போகாது. இரவுச் சாப்பாட்டுக்கு அவர் பிய்த்துத் தரும் "ரோஸ் பாண்" ரொட்டித் துண்டிலும் அது ஒட்டியிருக்கும். அம்மா முகத்தைச் சுளிப்பா. நான் மட்டும் அந்தத் துண்டைத்தான் முதலில் கேட்டு வாங்குவேன்.

எங்கள் வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில், கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருந்தது. அப்பா மரியதாஸ், புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்குப் பேசும் புரொக்டர் கனகசிங்கத்திடம் "கிளாக்கர்". கிழமை நாட்களில் உறுதி எழுதுவார், நீதிமன்றத்துக்குக் கட்டுக் கட்டாகக் காகிதம் சுமப்பார். சனிக்கிழமைகளில் ரெயிலேறி வெள்ளவத்தைக்குப் போய், கடலைப் பார்த்தபடி நிற்கும் புரொக்டரின் வீட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் துப்பாக்கிகளைத் துடைத்து வைப்பார். மாதத்தில் ஒருதரமோ இரண்டுதரமோ, வெயில் காலமென்றால் புத்தளத்துக் காடுகளுக்கு இருவரும் காரில் போவார்கள். அப்பா மன்னாரில் பிறந்தவர். அவருடைய தகப்பன் காட்டில் சுட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கறி கொண்டுவந்தார். புரொக்டரோ, கார் வாங்கிய வருடத்தில்தான் துப்பாக்கியும் வாங்கினார்.

அப்பா வீட்டில் நீளமான எதைக் கண்டாலும், துப்பாக்கிக் குழலின் வாயை நினைத்து, ஒரு கேள்வி கேட்பார்: "வாய் எங்க பாக்குது?" அம்மா விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனாலும் அதே கேள்வி, நான் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூசைக்குப் போனாலும் அதே கேள்வி. மழை நாட்களில் நாங்கள் மூவரும் அந்த ஒடுங்கிய ஒழுங்கையில் ஒருவர் பின் ஒருவராகக் குடை மடக்கி நடக்கும்போது, முன்னால் போகிறவர் மட்டும் முனையை முன்னுக்கு விட்டுப் பிடிக்கலாம், கடைசியாக வருகிறவர் மட்டும் தோளில் போட்டு முனையைப் பின்னுக்கு விடலாம், நடுவில் நடக்கிறவர் இரண்டு கையாலும் நெஞ்சுக்குக் குறுக்கே, முனை வானத்தைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். நான்தான் எப்போதும் நடுவில். அம்மா சிரித்துச் சிரித்தே கோயில் வாசலுக்கு வந்து சேர்வா.

காட்டில் நடக்கிற முறைகளை அவர் ஒரு பாடமாக எனக்குச் சொல்லித் தந்ததில்லை. வேட்டைக்குப் போய் வந்த ஞாயிறுகளில் அம்மாவிடம் புரொக்டரைப் பற்றி முறையிடும்போது என் காதில் விழுந்தவைதான் எல்லாம். வார்பட்டியில் தோளில் மாட்டினால் கை சும்மா இருக்கும், ஆனால் பற்றைக்குள் போகும்போது கிளை இழுத்துவிடும் என்று அப்பா சொன்னதைப் புரொக்டர் கேட்கவில்லையாம். முழங்கை மடிப்பில் குழந்தையைப்போல் வைத்துக்கொண்டு நடந்தால், அந்தப் பக்கம் ஆள் நடக்கக் கூடாது என்பது அவருக்கு நினைவிலேயே நிற்கவில்லையாம். மிருகத்தைக் காணுமுன்பே விரலை விசையில் போட்டுவிடுகிறாராம். வேலியோ, பள்ளமோ, விழுந்த மரமோ எதைக் கடந்தாலும் தோட்டாவை வெளியே எடுத்து, வெறும் அறையைப் பக்கத்து ஆளுக்குக் கண்ணால் காட்டிவிட்டுத்தான் கடக்க வேண்டும். புரொக்டருக்கு அதில் வெட்கம், கிளாக்கருக்குப் போய்க் காட்டுவதா என்று. அதனால் அப்பா ஒரு வழி வைத்திருந்தார். காட்டுக்குள் இறங்கியதும் "ஐயா முன்னால நடவுங்கோ" என்று விலகி நிற்பார்.

"நல்ல மரியாதைதான்" என்று அம்மா ஒருநாள் சொன்னா.

"மரியாதை இல்ல, திரேசா. பயம்" என்றார் அப்பா.

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புரொக்டரின் சாரதி எங்கள் வாசலில் வந்து நின்று, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "நோனா, மாத்தயா ஆஸ்பத்திரியில" என்றான். சிங்களத்தில் ஐயா என்று அவன் சொன்னது அப்பாவை. அவனுடைய சட்டையில் இரத்தம் காய்ந்திருந்தது. நாங்கள் பொரளைப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் இடது தொடையை இடுப்புவரை சுற்றிக் கட்டியிருந்தார்கள். புரொக்டர் கட்டிலுக்கு அருகே கதிரையில் இருந்தார். எழுந்து அம்மாவின் கையைப் பிடித்து, "தடக்கி விழுந்திட்டார், தங்கச்சி. தன்ர துவக்கே வெடிச்சிட்டுது" என்று அழுதார். உண்மையாகவே அழுதார். அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

நான்காம் நாள் அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் அப்பா கண்ணைத் திறந்து என்னைக் கிட்டக் கூப்பிட்டார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"பிலோ, நான் முன்னால போனனான்" என்றார். "முள்ளுப் பத்தை. வெட்டி வழி எடுக்கச் சொன்னவர். ஐயா தோட்டாவை எடுங்கோ எண்டு சொன்னனான். 'எடுத்தாச்சு' எண்டவர். நான் திரும்பிப் பாக்கேல்ல."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "பாத்திருக்க வேணும்" என்றார். பிறகு, "அம்மாட்டச் சொல்லாத. அவ விடமாட்டா. ஐயா உங்களைப் பாப்பார்" என்றார்.

அடுத்த நாள் புரொக்டர் இங்கிலீஷில் எழுதிய ஒரு காகிதத்தோடு வந்தார். அப்பா அதை முழுதாக வாசித்தார்; அவருடைய இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ். தன் துப்பாக்கியைத் தான் கவனமில்லாமல் பிடித்ததால், விழுந்தபோது வெடித்தது என்று எழுதியிருந்த அந்தக் காகிதத்தில், உறுதிகளுக்குச் சாட்சி வைக்கும் அதே அழகான கையெழுத்தை வைத்தார். வாழ்நாள் முழுக்க "வாய் எங்க பாக்குது" என்று கேட்ட மனிதர், என் கண்முன்னே, தன்னைக் கவலையீனக்காரன் என்று எழுதிக் கொடுத்தார். எங்களுக்காகத்தான் என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் சில நாட்கள் புரொக்டரை வெறுத்ததைவிட அப்பாவை அதிகமாக வெறுத்தேன்.

ஒன்பதாம் நாள் அவர் இறந்தார். காயம் அழுகினால் தடுக்க மருந்தில்லாத காலம். மரண விசாரணையில் அந்தக் காகிதத்தை வாசித்தார்கள், தலையாட்டினார்கள், முடித்தார்கள்.

அதற்குப் பிறகு புரொக்டர் வாக்குக் காப்பாற்றினார். அம்மா தையல்காரி, அவருடைய மனைவிக்கும் மனைவியின் சிநேகிதிகளுக்கும் சட்டை தைக்கும் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் அம்மாவோடு வெள்ளவத்தைக்குப் போவேன். அம்மா தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்க, விருந்தாளிகள் வரும்போதெல்லாம் புரொக்டர் விறாந்தையில் இருந்து அந்தக் கதையைச் சொல்வார். ஒவ்வொரு தரமும் அது கொஞ்சம் வளர்ந்தது. பிறகு பிறகு, தான் எச்சரித்தும் மரியதாஸ் கேட்கவில்லை என்று ஆயிற்று. "பாவம், தங்கமான மனுசன். ஆனா கவலையீனம்" என்று முடிப்பார். விருந்தாளிகள் அம்மாவின் பக்கம் இரக்கத்தோடு பார்ப்பார்கள். மெஷின் நிற்காது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்; அந்த இரகசியம் பல்லுக்கிடையில் அகப்பட்ட கல்லைப்போல எந்நேரமும் என் வாய்க்குள் கிடந்தது.

முதல் பழியை நான் சிறுபிள்ளைத்தனமாக வாங்கினேன். ரெயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போய், ஒரு மருந்துப் போத்தலில் உப்புத் தண்ணீர் பிடித்து வந்து, வீட்டில் எல்லாரும் மத்தியானம் கண்ணயர்ந்த வேளையில் அலுமாரியைத் திறந்து, இரண்டு துப்பாக்கிகளின் குழலுக்குள்ளும் விசைக்குள்ளும் ஊற்றினேன். மூன்று கிழமையில் துரு ஏறி அவை செங்கல் நிறமாயின. புரொக்டர் கத்திய சத்தம் தையல் அறைவரை கேட்டது. எனக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் அவர் குற்றம் சாட்டியது அப்பாவுக்குப் பிறகு துப்பாக்கி துடைக்க வந்த மனிதரை. அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். அந்த மனிதர் தன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கேற்றைத் திறந்து போனதை நான் ஜன்னலால் பார்த்தேன். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுவது அந்தப் போத்தல் தண்ணீருக்கு மட்டும்தான். இனிச் செய்வதைப் புரொக்டரின் முகத்துக்கு நேரே செய்வது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

அதற்குச் சந்தர்ப்பத்தைப் புரொக்டரே தந்தார். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி, துறைமுகத்தில் சாம்பல் நிறக் கப்பல்கள் நெருக்கி நின்ற காலம் அது. எங்கள் ஒழுங்கைகளிலும் இளைஞர்களைச் சேர்த்துக் காவல் குழு அமைத்திருந்தார்கள். கையில் துப்பாக்கி தந்தால் எப்படிக் கொண்டு நடப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, கோயில் மண்டபத்தில் ஒரு மாலைக் கூட்டம் ஏற்பாடாயிற்று. பேச வந்தவர் புரொக்டர் கனகசிங்கம். கூட்டத்துக்கு எங்களையும் வரச்சொல்லி, முன்வரிசையில் இடம் வைத்திருப்பதாகச் சாரதியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். ஏன் என்று போய் இருந்த பிறகுதான் விளங்கியது.

மண்டபம் நிறைந்திருந்தது. துறைமுகத் தொழிலாளிகள், கடைக்காரர்கள், கிளாக்கர்மார், பெண்கள், நடுவில் எங்கள் பங்குச் சுவாமியார். புரொக்டரோடு வேட்டைக்குப் போகிற சிநேகிதர்கள் நாலைந்து பேரும் வெள்ளைக் காற்சட்டையோடு வந்திருந்தார்கள். புரொக்டர் தன் புதிய றைபிளைத் தூக்கி, அறையைத் திறந்து, வெறுமை என்று எல்லாருக்கும் காட்டினார். பிறகு ஒவ்வொரு விதமாகப் பிடித்து மேடையில் நடந்து காட்டினார். நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு கையால். முழங்கை மடிப்பில். வார்பட்டியில். ஒற்றைக் கையில் தொங்கவிட்டு. அழகாகத்தான் நடந்தார். அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் என் அப்பாவின் சொல். "வேலி கடக்கேக்க தோட்டாவை எடுக்க வேணும். எடுத்தாச்சு எண்டு மற்றவன் சொன்னா நம்பக் கூடாது, கண்ணால பாக்க வேணும்" என்றுகூடச் சொன்னார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்ர சொந்தக் கிளாக்கர், உங்கட ஒழுங்கை மனுசன், மரியதாஸ். ஒரு நிமிசக் கவலையீனம். அவற்ற மனுசியும் மகளும் இஞ்சதான் இருக்கினம்" என்று கையை எங்கள் பக்கம் நீட்டினார். எல்லாத் தலைகளும் திரும்பின. யாரோ ஒரு பெண் "ச்சோ" கொட்டினா.

"கேள்வி ஏதும் இருந்தாக் கேளுங்கோ" என்றார் புரொக்டர்.

நான் எழுந்தேன். மேடையை நேரே பார்த்துக் கேட்டேன்.

"ஐயா, ஒராள் முன்னால நடக்கிறார், ஒராள் பின்னால வாறார். பின்னால வாறவர் துவக்கின்ர வாயை எங்க வைக்க வேணும்?"

அவர் புன்னகை செய்தார். "நல்ல கேள்வி, பிள்ளை. வானத்தைப் பாத்து. இல்லாட்டி ஒரு பக்கத்துக்கு. முன்னுக்கு ஒருக்காலும் வைக்கக் கூடாது."

"தன்ர துவக்கைப் பிடிச்சுக்கொண்டு போறவர் தடக்கி விழுந்தா, அவர்ர துடையில குண்டு எந்தப் பக்கத்தால போகும்?"

"முன்பக்கத்தால... அல்லது பக்கவாட்டில..." என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

"முன்னால நடந்த என்ர அப்பாவுக்குப் பின்பக்கத்தால போனது" என்றேன். "முள்ளை வெட்டச் சொல்லி அவரை முன்னால விட்டது ஆர்? தோட்டாவை எடுங்கோ எண்டு அவர் கேட்க, 'எடுத்தாச்சு' எண்டது ஆர்?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருடைய முகத்தில் நடந்ததை இன்றைக்கும் நான் விரும்பியபோதெல்லாம் கண்முன் கொண்டுவர முடியும். காட்டில் இரண்டே பேருக்கு நடுவில் சொல்லப்பட்ட சொல் அது. செத்தவர் சொல்லாமல் போகவில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பிள்ளைக்குத் துக்கத்தில மூளை குழம்பியிருக்கு" என்று சுவாமியாரைப் பார்த்துச் சொன்னார்.

அப்போது அம்மா எழுந்தா. அவ சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை. "பிள்ளைக்கு ஒண்டும் குழம்பேல்ல. அவரைக் குளிப்பாட்டினது நான். பின்னால ஒரு சதக் காசளவு ஓட்டை. முன்னால என்ர உள்ளங்கையளவு. நான் ரெண்டு வருசமா இவற்ற வீட்டில தைச்சுக்கொண்டு, இவர் எண்டைக்கு உண்மையைச் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

வெள்ளைக் காற்சட்டைக்காரர்களில் வயதானவர், நரைத்த மீசையுள்ள ஒருவர், மெதுவாகக் கேட்டார்: "கனகசிங்கம், பொடிச்சி கேட்டதுக்கு மறுமொழி சொல்லுமன்."

நான் முன்வரிசை வாங்கை விட்டுப் போய் மேடைக்குக் கீழே, அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். "நான் அப்பா மாதிரி முன்னால நடக்கிறன். ஐயா துவக்கை எடுத்துக்கொண்டு பின்னால வாங்கோ. அண்டைக்கு எப்பிடிப் பிடிச்சனீங்கள் எண்டு எல்லாருக்கும் காட்டுங்கோ."

எனக்குப் பின்னால் காலடி கேட்கவில்லை. நான் திரும்பியபோது றைபிள் மேசையில் கிடந்தது, அவருடைய இரண்டு கைகளும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. சுவாமியார் அவசரமாக எழுந்து செபம் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அந்தச் செபத்தில் ஒரு சொல்லையும் நான் சொல்லவில்லை. எனக்குள் ஓடியது சந்தோசம். வெறும் சந்தோசம், இனிப்பாக, சூடாக, காய்ச்சலைப்போல உடம்பெல்லாம் ஓடியது.

சட்டம் அவரை ஒன்றும் செய்யவில்லை. கையெழுத்திட்ட காகிதம் ஒன்று இருந்தது. புரொக்டருக்கு அது போதும். எங்களுக்குத்தான் வெள்ளவத்தைத் தையல் வேலை போயிற்று. வீட்டை விட்டு, புறக்கோட்டைப் பக்கம் ஒரு மாடியறைக்கு மாறினோம். அம்மா கடைகளுக்குத் தலையணையுறை தைத்தா. ஆனால் கொட்டாஞ்சேனையில் அவருடைய கார் நுழைந்தால், சுவரோரங்களிலிருந்தும் தண்ணீர்க் குழாயடியிலிருந்தும் "எடுத்தாச்சோ?" என்று ஒரு குரல் எழும். யார் என்று காணமுடியாது. பிறகு அது புதுக்கடைக்கும் போய்ச் சேர்ந்தது என்று கேள்விப்பட்டோம். வேட்டைச் சிநேகிதர்கள் ஒருவர்பின் ஒருவராக நழுவினார்கள். அடுத்த வெயில் காலத்தில் புத்தளத்துக்குப் போக, அவருக்கு முன்னால் நடக்க ஒரு மனிதரும் அகப்படவில்லை. துப்பாக்கிகளை விற்றுவிட்டார். இந்தச் செய்திகளை எல்லாம் அம்மா தையலை நிறுத்தாமல் கேட்பா; கேட்டுவிட்டு, "சரி" என்பா. அவ்வளவுதான்.

ஒரே ஒருநாள் அவர் எங்கள் மாடியறைக்கு ஏறி வந்தார். மெலிந்திருந்தார். வாசலிலேயே நின்றார், அம்மா உள்ளே வரச்சொல்லவில்லை.

"தங்கச்சி, அது விபத்து. நான் வேணுமெண்டு செய்யேல்ல. பயந்திட்டன்."

"விபத்து எண்டு எனக்குத் தெரியும்" என்றா அம்மா. "அண்டைக்கே வந்து சொல்லியிருந்தா நான் உங்களோட சேர்ந்து அழுதிருப்பன். நீங்கள் அவரைக் கொன்றது காட்டில இல்ல, உங்கட விறாந்தையில. ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஒருக்காக் கொன்றனீங்கள்."

அவர் தலையைக் குனிந்தார்.

"அந்த மண்டபத்திலயே ஏறி, நான்தான் சுட்டனான் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு வாங்கோ, தேத்தண்ணி தாறன்."

"சொன்னா என்ர தொழில் போயிடும், தங்கச்சி."

அம்மா எழுந்துவந்து கதவைச் சாத்தினா. படியில் அவர் இறங்கிப் போகிற சத்தம் மெதுவாக, வெகுநேரம் கேட்டது. அவர் திரும்பி வரவுமில்லை, மண்டபத்தில் ஏறவுமில்லை. சில வருடங்களில் இறந்துபோனார்.

இப்போது அந்த மண்டபம் இல்லை. அந்த இடத்தில் மாடிக்கட்டடம் நிற்கிறது. வெள்ளவத்தை வீட்டையும் இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். கடலைப் பார்த்த அந்த விறாந்தை எந்தத் தளத்தின் கீழே கிடக்கிறதென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அன்று மண்டபத்தில் இருந்தவர்களில், நான் அறிய, நான் ஒருத்திதான் மிச்சம். எத்தனையோ சுவாமிமார் எத்தனையோ பாவசங்கீர்த்தனத்தில் மன்னிக்கச் சொல்லிவிட்டார்கள். மனம் வருந்தாத பாவத்தைச் சொல்லி என்ன பயன் என்று நானும் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அப்பாவையும், எங்களைப்போலக் கிறிஸ்தவரான புரொக்டரையும் அடக்கம் செய்தது பொரளையில் ஒரே மயானத்தில்தான், பாதையின் இரு பக்கங்களில். புரொக்டரின் பிள்ளைகள் வெளிநாடு போய் வெகுகாலம். கல் சரிந்து, புல் மூடி, பெயரின் எழுத்துகள் பாதி உதிர்ந்துவிட்டன. போன நவம்பரில், மரித்த ஆத்துமாக்களின் நாளில், மருமகளோடு போய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மெழுகுதிரி ஏற்றினேன். ஒரு திரி மிஞ்சியது. இந்தக் கதை ஒன்றும் அறியாத அந்தப் பிள்ளை பாதைக்கு அப்பால் பார்த்து, "மாமி, அந்தக் கல்லுக்கு ஒருத்தரும் வாறேல்லப் போல. பாவம், இதை அங்க ஏத்தட்டோ?" என்று கேட்டா.

"வேண்டாம், இஞ்ச கொண்டாங்கோ" என்று வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். மயானம் முழுதும் சுடர்கள் அசைந்துகொண்டிருந்தன. அந்த ஒரு கல்லில் மட்டும் வெளிச்சம் இல்லை என்பதை, வாசலுக்குப் போகுமுன் ஒருதரம் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.